ஊறுகாய் பாட்டில் சீனி

1

போன வாரம் கணேசன் போன் செய்தான். என் மனைவியின் தம்பி. அருப்புக்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். முன்பெல்லாம் ஊரிலிருந்து யாராவது பேசும்போது பதில் தெரியாவிட்டால் “லைன் சரியில்ல” என்று வைத்துவிடலாம். இப்போது எங்கள் தீவுக்கும் குரல் தெளிவாக வந்து தொலைக்கிறது.

“அத்தான், எனக்கும் வந்திருச்சு.”

“என்ன மாப்ள, புரமோஷனா?”

“கடைக்காரனுக்கு ஏது புரமோஷன்? சுகர் அத்தான். முந்நூத்திப் பத்து.”

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என் மாமனார் குடும்பத்தில் சுகர் வராதவனை இன்னும் பெரிய மனுஷனாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

“டீயில போட ஏதோ மாத்துச் சீனி விக்கிதாமே, இலையில இருந்து எடுக்குறது. உங்க வீட்டுல அதத்தான் போடுறீகன்னு உங்க மக நித்யா சொன்னா. நல்லதா அத்தான்? நம்பிப் போடலாமா?”

எதற்கும் ஒரு நக்கல் கைவசம் வைத்திருப்பவன் நான். அன்று ஒன்றும் வரவில்லை.

“அத்தான்? லைன்ல இருக்கீகளா?”

“இருக்கேன் மாப்ள. போடலாம். விஷமும் இல்ல, மருந்தும் இல்ல. டாக்டர்கிட்டச் சொல்லிட்டுப் போடு. வீட்டுல எல்லாருக்கும் தெரியுற மாதிரிப் போடு.”

“அது என்ன, எல்லாருக்கும் தெரியுற மாதிரி? களவாணித்தனமா பண்ணப் போறேன்?”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வந்தால் அந்தக் கப்பல் பயணத்துக்கு ஒரு வருஷம். அவனிடம் போனில் சொல்லத் தைரியம் வராததை இங்கே எழுதிவிடுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: கிரேட் நிகோபார் தீவில், கேம்பல் பேயில், ஒரு அரசாங்க அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். வந்து இருபத்திரண்டு வருஷம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தென்கோடி என்று கன்னியாகுமரியைச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிருந்து பார்த்தால் அது வடக்கே எங்கோ இருக்கிறது.

இங்கே வெங்காயத்திலிருந்து வோட்டர் லிஸ்ட் வரை எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். அதனால் எந்தக் குறைக்கும் எங்களிடம் ஒரே காரணம்தான். தக்காளி அழுகியிருக்கிறதா, கப்பல். சிமெண்ட் கட்டியாகிவிட்டதா, கப்பல். மகன் பரீட்சையில் தோற்றுவிட்டானா, புத்தகம் வர வேண்டிய கப்பல் லேட். யாரும் மறுத்துக் கேட்பதில்லை.

என் மனைவி மகேஸ்வரிக்குச் சுகர் என்று தெரிந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதினார். சோற்றைக் குறை, சீனியை நிறுத்து, நட என்றார். நடந்தாள். சோற்றையும் ஒரு கரண்டி குறைத்தாள். சீனியை மட்டும் விடவில்லை. நாளைக்கு நாலு டீ, டீக்கு மூன்று ஸ்பூன்.

ஊரிலிருந்து வைத்தியம் பார்சலில் வந்தது. வெந்தயம், ஆவாரம்பூ, அவளுடைய அக்கா அனுப்பிய இரண்டு கிலோ கருப்பட்டி. “இது இயற்கை, சுகர ஒண்ணும் செய்யாது” என்று அக்கா போனில் உத்தரவாதம் கொடுத்தாள். கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை என்று பெயர் எதுவானாலும் ரத்தத்துக்குள் போனால் எல்லாம் ஒரே கட்சி என்று டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். இரண்டு நாள் எனக்குத் தனியாகச் சமைத்துக்கொள்ள நேர்ந்தது.

மாதாமாதம் டாக்டர் இந்தியில் கேட்பார், “மீட்டா லேதே ஹைன்?” இனிப்புச் சாப்பிடுகிறீர்களா என்று. இருபது வருஷமாகியும் கடையில் பூண்டுக்கு இந்தி தெரியாத மகேஸ்வரி, அப்போது மட்டும் நல்ல உச்சரிப்பில் சொல்வாள், “பில்குல் நஹி, சார்.” கிடையவே கிடையாதாம். சீனியே தொடாத பெண்ணுக்கு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று அவர் மண்டையைச் சொறிந்து, மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

ஒருநாள் நான் கத்திவிட்டேன். “கால எடுக்கணும்பான், கண்ணு போயிரும்பான். அந்த மூணு ஸ்பூன விட முடியாதா உனக்கு?”

அவள் கத்தவில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். “நித்யா காலேஜுக்குப் போனா. போன் பண்ணா பாதி இந்தியில பேசுறா, எனக்கு வெளங்கல. நீங்க ஆபீஸ் போயிருவீக. இந்தத் தீவுல எனக்குன்னு இருக்குறது அந்த நாலு மணி டீ ஒண்ணுதான். அதையும் கசப்பாக் குடிக்கணுமா?”

அதற்கு நான் ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மாற்றுச் சீனியைக் கொடுத்தேன்.

3

யோசனை நித்யாவுடையது. போர்ட் பிளேரில் கல்லூரியில் படிக்கிறாள். ஆரோக்கியம் பற்றி அவளுடைய தலைமுறைக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. “அப்பா, சீனி மாதிரியே இருக்கும், டேஸ்ட் பி சேம், ஆனா சுகர் ஏறாது. மம்மி கோ இது குடுங்க” என்று பாதி இந்தியில் சொல்லி, இரண்டு பாக்கெட் கப்பலில் அனுப்பினாள்.

பிரித்துப் பார்த்தேன். அச்சு அசல் சீனி. மணி மணியாக, வெள்ளையாக. என் மண்டைக்குள் இருக்கும் குரங்கு எழுந்து உட்கார்ந்தது.

ஸ்டோரில் நான் கறாரான ஆள். இரண்டங்குல ஆணியை மூன்றங்குல ஆணிப் பெட்டியில் யாராவது போட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்கு என்னிடம் அர்ச்சனை. அப்பேர்ப்பட்டவன், மகேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீனி டப்பாவைக் காலி செய்து பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பவுடரை அதில் கொட்டி, டப்பாவை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன். மிச்சத்தை என் ஆபீஸ் அலமாரியில் பூட்டினேன்; டப்பா குறையக் குறைய நானே நிரப்பினேன், தீர்ந்தால் நித்யா அனுப்பினாள்.

சாயங்காலம் டீ போட்டாள். குடித்தாள். நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். அது நாலு நாள் பழைய பேப்பர்.

“என்னங்க, இந்தச் சீனி நாக்குல குளுகுளுன்னு இருக்கு?”

“கப்பல்ல ஃப்ரீசர் பக்கத்துல வச்சிருந்திருப்பான்.”

“இருக்கும்” என்றாள்.

அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டாள். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மறுவாரம் அவளே டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். “பாத்தீகளா, ஒரு எறும்பு அண்டல. நான் மூடுற மூடி அப்படி.” மறுபடி உள்ளே போனேன்.

“அம்மாகிட்டச் சொல்லிட்டீங்கதானே?” என்று நித்யா கேட்டாள். “சொல்லாம இருப்பேனா?” என்றேன்.

மூன்று மாதம் ஓடியது. ரத்தப் பரிசோதனையில் சுகர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் கைகுலுக்கிப் பாராட்டினார். மகேஸ்வரி அத்தனை பெருமையையும் வெந்தயத்துக்குக் கொடுத்தாள். நான் சாமி மாதிரி பக்கத்தில் நின்றேன்.

இதில் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. அவள் மறைத்த சீனிக்காக டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அந்தச் சீனியை நான் எடுத்துவிட்டேன். கூட்டிய மாத்திரை அப்படியே இருந்தது. அவள் மறைத்ததும் டாக்டருக்குத் தெரியாது, நான் எடுத்ததும் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை. இடையில் இரண்டு தடவை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், “கை வெடவெடன்னு வருதுங்க” என்றாள். “பசிக்குது, சாப்பிடு” என்றேன். சாப்பிட்டாள், சரியாயிற்று. நான் பெரிய வைத்தியன்.

4

நித்யாவைப் பார்க்க போர்ட் பிளேருக்குக் கிளம்பினோம். அந்த ஊருக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது காகிதத்தில் இருக்கும், பழையது எங்கள் வாயில் இருக்கும். இரண்டு நாள் கப்பல். டிக்கெட்டுக்கு நின்ற வரிசையைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

தீவுக்காரர்கள் யாரும் கப்பலில் வெறுங்கையோடு ஏற மாட்டோம். கேன்டீன் இருக்கும், ஆனால் கடல் கொந்தளித்தால் அடுப்பு எரியாது. அதனால் ஆளுக்கு ஒரு சமையல்கட்டு. மகேஸ்வரியின் பையில் இட்லி, மிளகாய்ப்பொடி, வெந்நீர் பிளாஸ்க், தேயிலை, பால் பவுடர், ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் சீனி. டப்பாவிலிருந்து அவள்தான் அள்ளிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாயங்காலம் ஏறினோம். மறுநாள் காலையில், வழியில் கட்சால் தீவில் கொஞ்சம் பேர் ஏறினார்கள். எட்டு மணிக்கு மகேஸ்வரி மாத்திரை போட்டு நாலு இட்லி சாப்பிட்டாள். கட்சாலைத் தாண்டியதும் கடல் புரட்ட ஆரம்பித்தது. ஒன்பது மணிக்குள் நாலு இட்லியும் வெளியே வந்துவிட்டன. மாத்திரை மட்டும் உள்ளே தங்கி வேலையைத் தொடங்கியிருந்தது.

பதினோரு மணி இருக்கும். அடுக்கடுக்காகப் படுக்கை போட்ட பங்க் ஹாலில் கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குக் கை ஏன் இப்படி ஆடுது?” என்றாள்.

“கப்பலே ஆடுது. கை ஆடாதா?”

சிரிப்பாள் என்று பார்த்தேன். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஏசி குளிரில் நான் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தேன். அவள் ரவிக்கை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

உதடு வெளுத்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்த போஸ்டர் ஞாபகம் வந்தது. சுகர் இறங்கினால் நடுக்கம், வியர்வை. உடனே மூன்று ஸ்பூன் சீனி, தண்ணீரில். பதினைந்து நிமிடம் பொறு.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பதற்றமே இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஊறுகாய் பாட்டிலைத் திறந்தேன், மூன்று ஸ்பூன் போட்டேன், கலக்கினேன், குடிக்க வைத்தேன். மேல்படுக்கையில் இருந்த சர்தார்ஜி, எங்கள் தீவில் குடியேறிய பழைய பட்டாளத்துக்காரர், குனிந்து, “க்யா ஹுவா பாய்சாப்?” என்றார். “சுகர் லோ. சீனி பானி தியா. டீக் ஹோ ஜாயேகா” என்றேன், கம்பவுண்டர் தோரணையில். சரியாகிவிடுமாம்.

பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகவில்லை. இன்னொரு டம்ளர். இந்தத் தடவை தாராளமாக நாலு ஸ்பூன். பாதி சிந்தியது. அவள் என் கையைத் தட்டிவிட்டு முறைத்தாள்.

“கணேசா, அம்மாவ எங்கிட்டுடா கூட்டிட்டுப் போன?”

அவளுடைய அம்மா இறந்து எட்டு வருஷம்.

“மகேசு, நான்தான். என்னப் பாரு.”

“போடா அங்கிட்டு” என்றாள். நாக்கு குழறியது. கண் என்மேல் நிற்கவில்லை.

ஸ்பூன் என் கையில் இருந்தது. எதற்கு அதை வாயில் வைத்தேன் என்று தெரியாது. நாக்கு குளுகுளுவென்றது.

5

அடுத்த பத்து நிமிடத்தைப் பார்த்தவர்கள் கேம்பல் பேயில் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். ஒரு காலில் செருப்பு, கழுத்தில் துண்டு, கையில் ஸ்பூன். ஸ்பூனை ஏன் விடவில்லை என்று கேட்காதீர்கள். சர்தார்ஜியை மேல் தளத்தில் இருக்கும் மெடிக்கல் ரூமுக்கு ஓடச் சொல்லிவிட்டு நான் கேன்டீனுக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. கேன்டீன்காரர் கதவோரம் வாளியைக் கட்டிப்பிடித்துச் சுருண்டு கிடந்தார். என்னைவிட மோசமான நிலைமை. “சாபி… நீச்சே…” என்றார். சாவி கீழே எங்கோ. அதற்குமேல் வாளிதான் பேசியது.

திரும்ப ஹாலுக்கு வந்து கத்தினேன். “சீனி! சீனி சாஹியே! அஸ்லி சீனி!” நிஜச் சீனி வேண்டுமாம்.

நல்லவேளையாக அருப்புக்கோட்டையிலும் இந்தியிலும் சீனிக்குச் சீனிதான் பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் பேசிய இந்தி ஒரே வாய்ப்பில் எல்லோருக்கும் புரிந்தது. எழுந்தார்கள், பையைத் திறந்தார்கள். சர்தார்ஜியின் மனைவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். சுகர் ஃப்ரீ. மாவு பிஸ்கட்தான், அதுவும் மெதுவாக ஏற்றும். ஆனால் மெல்ல வேண்டுமே. அவள் மெல்லும் நிலையில் இல்லை. ரசகுல்லா தேசத்தில் பிறந்த வங்காளி வாத்தியார் ஒருவர் சட்டைப்பையில் கை விட்டார். எனக்கு உயிர் வந்தது. பொட்டு அளவு மாத்திரை நிறைந்த குட்டி டப்பியை எடுத்து, “சாய் மே ஏக் கோலி, தாதா. டயாபிடீஸ் கே லியே பஹுத் அச்சா” என்றார். டீக்கு ஒன்று போதுமாம்.

ஊரே திருந்தியிருந்தது. அந்த ஹாலில் அன்று ஆரோக்கியமாக இல்லாதவர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மகேஸ்வரி படுக்கைக் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். அவள் செத்துக்கொண்டிருக்கிறாள், நான் கொன்றுகொண்டிருக்கிறேன். இரண்டு வாக்கியமும் அதே வரிசையில் தமிழில் தோன்றின.

அப்போதுதான் படிக்கட்டு ஓரம் தரையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்தேன். காலையில் கட்சாலில் ஏறியவர். அங்கே ரப்பர் தோட்டத்தில் இருக்கும் தமிழர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் டீ குடிக்கும் விதமே வேறு. டீயில் சீனி போட மாட்டார்கள். சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு சாயத்தண்ணி, அதாவது பாலில்லாத டீ. அந்த அம்மாள் அத்தனை களேபரத்திலும் நிதானமாக அதைச் செய்துகொண்டிருந்தார். உள்ளங்கையில் வெள்ளையாகச் சின்ன மேடு.

மணிக்கட்டைப் பிடித்தேன்.

“ஐயோ, என்னா மனுசன் நீங்க! கைய விடுங்க!”

“அம்மா, சீனி… என் சம்சாரம்… சுகர் எறங்கிருச்சு…”

“கேட்டா குடுக்க மாட்டேனா? நக்குன கையைத்தான் பிடிக்கணுமா? விடுங்க, நான் வாறேன்.”

சேலை முந்தியில் முடிந்திருந்த பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டே எழுந்தார். என் கைக்குக் கொடுக்கவில்லை. என் கை இருந்த இருப்புக்குக் கொடுத்திருந்தால் சீனி கடலுக்குப் போயிருக்கும். மகேஸ்வரியை நிமிர்த்தி உட்கார வைத்தார். வெதுவெதுப்பான சாயத்தண்ணியில் சீனியைக் கரைத்து, “முழுங்கு தாயி… ம், முழுங்கு” என்று ஒவ்வொரு வாயாகக் கொடுத்தார். நான் டம்ளரைப் பிடிக்கப் போனேன். “மளமளன்னு ஊத்தாதீங்க, பொறையேறும். நீங்க அங்கிட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தேன். போஸ்டரில் போட்டிருந்த பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. மகேஸ்வரியின் கண் முதலில் அந்த அம்மாள்மேல் நின்றது. பிறகு ஹாலைச் சுற்றியது. பிறகு என்னிடம் வந்து, கீழே இறங்கியது.

“இன்னொரு செருப்பு எங்க?” என்றாள்.

நான் அழுதுவிட்டேன். ஹாலே பார்த்தது. போகட்டும்.

6

சர்தார்ஜி மெடிக்கல் ரூமிலிருந்து ஆளைக் கூட்டி வந்தார். விரலில் குத்திப் பார்த்தார்கள். அறுபத்தி நாலு, ஏறிக்கொண்டிருந்தது. வந்தவர் நோட்டை எடுத்தார். முதலில் என்ன கொடுத்தீர்கள், எப்போது, எவ்வளவு?

பாட்டில் என் தொடைக்குப் பக்கத்தில் இருந்தது. மகேஸ்வரி அவர் கொண்டுவந்த வாழைப்பழத்தை மென்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

“சீனி பானி. தோ கிலாஸ்” என்றேன்.

எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷ அரசாங்க உத்தியோகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம், காகிதத்தில் ஏறியதுதான் நடந்தது.

கட்சால் அம்மாள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இதுல இம்புட்டுச் சீனி கெடக்கே. அப்புறம் எதுக்கய்யா என் கையப் புடிச்சீங்க?”

“அது… நனஞ்சு போச்சு. கப்பல்ல…”

“ம்” என்றார். பாட்டிலைக் குலுக்கினார். உள்ளே பொலபொலவென்று காய்ந்த சத்தம் கேட்டது. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

போர்ட் பிளேர் துறைமுகத்தில் நித்யா நின்றாள். நடந்ததை மகேஸ்வரிதான் சொன்னாள். நான் ஒற்றைச் செருப்போடு ஓடியது, அழுதது. “அப்பா, நீங்களா? சச்சி? நெஜமாவா?” என்று நித்யா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் இப்படிக் கட்டிக்கொண்டு பல வருஷம் ஆகிறது. காதோரம் மெல்லக் கேட்டாள், “பவுடர் விஷயம் அம்மா கோ பதா ஹை நா?” தெரியுமில்லையா?

“பதா ஹை, பதா ஹை. நீ கெளம்பு, பரீட்சைக்கு நேரமாகுது.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயது மலையாளிப் பெண். தமிழும் இந்தியும் கலந்து பேசினார். கப்பலில் எழுதிக் கொடுத்த காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“ரெண்டு கிளாஸ். எத்தனை ஸ்பூன்?”

“மூணும் நாலும் ஏழு” என்றேன். அதாவது உண்மையைச் சொன்னேன்.

“ஏழு ஸ்பூன் சீனி உள்ளே போயி அரை மணி நேரம் ஏறவே இல்லைன்னா, அது எனக்குச் சரியாப் படலை. வாந்தி ஒரு காரணம்தான். ஆனா கணையத்தில் வேற ஏதும் இருக்கான்னு பார்த்திடணும். இங்கே அந்த ஸ்கேன் இல்லை. மெயின்லேண்டுக்கு ரெஃபர் பண்றேன்.”

மகேஸ்வரி என் முழங்கையைப் பிடித்தாள். எனக்கு வாய் திறந்தது. “மெயின்லேண்டுன்னா சென்னை தானுங்களே டாக்டர்? அவளும் ரொம்ப நாளா ஒரு பட்டுச் சேல கேட்டுக்கிட்டு இருக்கா” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்தால் படிவம். மூன்று நகல், ஒரு போட்டோ, ஆபீஸ் அடையாள அட்டை. ஊர்ப் பெயரைப் பழையபடி எழுதிவிட்டேன் என்று திருப்பி அனுப்பினார்கள். புதுப் பெயரில் எழுதிக்கொண்டு போனால், “பேஷண்ட் கே சாத் கௌன் ஜாயேகா?” கூடப் போவது யார்? அந்தக் கட்டத்தில் என் பெயர். உறவு: கணவன். கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு ஜன்னலிலும் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு நக்கல் அடித்துவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனேன். ஒரு குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

7

கடைசி முத்திரைக்காக பெஞ்சில் உட்கார்ந்தோம். மகேஸ்வரி படிவத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்கும் இப்படித்தான். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு இருந்து, கடைசியில உள்ள கட்டின்னாக.”

“ஏய், அதெல்லாம் ஒண்ணும் இருக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மாவுக்கே தெரியல.” படிவத்தின் மடங்கிய மூலையை நிமிர்த்தினாள். “நித்யாகிட்ட இப்பச் சொல்லாதீக. பரீட்ச முடியட்டும். எனக்கு எதாச்சும் ஆயிட்டா அவ போனு பண்ணுறப்ப எடுத்துப் பேசுங்க, ஆபீஸ்ல இருக்கேன்னு வச்சிராதீக. அப்புறம்… எல்லாத்தையும் சிரிச்சே ஓட்டுற மனுசன்னுதான் உங்கள இத்தன நாளும் நெனச்சிருந்தேன். எனக்காக அப்படி ஓடுவீகன்னு நெனைக்கல.”

எனக்கு அந்த ஹாலில் அழுதபோதுகூட இப்படி இல்லை. பைக்குள் கை விட்டேன். பாட்டிலை எடுத்து அவள் மடியில், படிவத்தின் மேல் வைத்தேன்.

“இது சீனி இல்ல.”

“நனஞ்சிருச்சுன்னீக.”

“நனையல. சீனியே இல்ல. வீட்டு டப்பாவுல இருந்ததும் இல்ல. மூணு மாசமா. நித்யா அனுப்புன மாத்துச் சீனி. அது எவ்வளவு குடிச்சாலும் ஏத்தாது. உனக்குள்ள ஒண்ணும் இல்ல மகேசு. நான்தான்.”

அவள் மூடியைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கரையும்வரை காத்திருந்தாள்.

“ஃப்ரீசர் பக்கத்துல வச்சிருந்தான்னீக.”

“சொன்னேன்.”

“நான் நம்புனேன்.”

எழுந்தாள். படிவத்தையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, வரிசையைப் பார்க்காமல், நேரே டாக்டர் அறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன்.

“டாக்டரம்மா, இது சீனி இல்லையாம். எனக்குத் தெரியாம இவரு மாத்திட்டாரு. கப்பல்ல குடுத்ததும் இதுதான்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அதுக்கு முன்னாடி நான் தெனம் நாலு டீ சீனி போட்டுக் குடிச்சேன். டாக்டர் கேட்டப்ப பில்குல் நஹின்னு பொய் சொன்னேன். அவரு மாத்திரையக் கூட்டுனாரு. ரெண்டையும் எழுதிக்கோங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். “சார், நீங்க எங்கே வேலை?”

“ஸ்டோர் கீப்பர்ங்க.”

“அங்கே இப்படித்தான் செய்வீங்களா? ஒண்ணோட பெட்டியில் இன்னொண்ணு?”

தலையைக் குனிந்துகொண்டேன்.

படிவத்தின் குறுக்கே கோடு போட்டார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், சந்தேகம் தீரட்டும் என்று. மாற்றுச் சீனி பாவம் செய்யவில்லை என்றும் சொன்னார். வேண்டுமானால் போடலாம், ஆனால் அதை நம்பிச் சோற்றை ஏற்றக் கூடாது. நிஜச் சீனி ஒரு பொட்டலம் எப்போதும் தனியே கையில் இருக்க வேண்டும். பிறகு மகேஸ்வரியின் விரலில் குத்திப் பார்த்தார்.

“எழுபத்தி ரெண்டு. காலையில் சரியாச் சாப்பிடலை இல்லே? இப்பவே போய்ச் சீனி போட்ட டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிடுங்க. அரை மணி கழிச்சு மறுபடி வந்து காட்டுங்க. மறக்காதீங்க, சீனி போட்டது.”

கேன்டீனில் வெளிப்பக்கம் ஒரு கல் மேடை. அவள் உட்கார்ந்தாள். நான் போய் டீ வாங்கி வந்தேன். “சீனி டால்கே”, சீனி போட்டு, என்று இரண்டு தடவை சொல்லி வாங்கினேன். கிளாஸை நீட்டினேன்.

வாங்கினாள். குடிக்கவில்லை. ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் லேசாக நடுங்குவதை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கிளாஸை என் பக்கம் திருப்பி நீட்டினாள்.

“குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நெசச் சீனியா?”

ஒரு வாய் குடித்தேன். தித்தித்தது. இஞ்சி போட்ட டீ, நாக்கு சுட்டது. இன்னொரு வாய் குடித்தேன். நாக்கைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று மாதமாக நானும் அந்த டப்பாவில் இருந்ததைப் போட்டுத்தான் டீ குடித்திருந்தேன்.

“சொல்லுங்க.”

“தெரியல” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பின்னால் ஏதாவது நக்கல் வருகிறதா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை. கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கேன்டீன்காரரிடம் தானே கேட்கப் போனாள்.